புயலைத் துரத்திப் பார்க்க எந்த நாட்டுக்குச் செல்வது? சீற்றத்தைவிடச் சாலைகளே முக்கியம்

புது டெல்லி: ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி, டென்வர் ஆகிய நகரங்களின் விடுதிகளில் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் வந்து தங்கத் தொடங்குகின்றனர். அருவியையோ அருங்காட்சியகத்தையோ காண அவர்கள் வருவதில்லை. அடுத்த சில நாள்களில் எங்கோ ஒரு புல்வெளியின் மேல் எழப்போகும் இடிமேகத்தைத் தேடியே வருகின்றனர். அந்த மேகம் எந்த ஊரின் மேல் உருவாகும் என்பது அன்று காலை வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

'ஸ்டார்ம் சேஸிங்' எனப்படும் இந்தப் புயல் துரத்தல், 1996-இல் வெளியான 'ட்விஸ்டர்', 2024-இல் வெளியான 'ட்விஸ்டர்ஸ்' ஆகிய ஹாலிவுட் படங்களின் வாயிலாக உலகெங்கும் அறிமுகமானது. முதன்முறையாக இத்தகைய பயணத்துக்குத் திட்டமிடுவோர், உலகில் எங்கு புயல் மிகக் கடுமையாக வீசுகிறது என்பதையே முதலில் தேடுகின்றனர். ஆனால், இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது புயலின் கடுமை அல்ல. அதைத் தொலைவிலிருந்து பார்க்க முடிகிறதா, அது திசை மாறினால் விலகிச் செல்லச் சாலை இருக்கிறதா, அதன் வருகையை உரிய நேரத்தில் சொல்லும் ராடார் வசதி உண்டா என்ற மூன்று கேள்விகளே இத்துறையில் அனுபவம் பெற்றோரின் முதல் அளவுகோல்.

எது சூறாவளி?

தமிழ்ச் செய்திகளில் வங்கக் கடலில் உருவாகும் புயலுக்கும், அட்லாண்டிக் பெருங்கடலின் ஹரிகேனுக்கும், சில நிமிடங்களே நீடிக்கும் டொர்னேடோவுக்கும் 'சூறாவளி' என்ற ஒரே சொல் பயன்படுத்தப்படுவதுண்டு. முதல் இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அவை கடலில் உருவாகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து, பல நாள்கள் நீடிப்பவை. டொர்னேடோ முற்றிலும் வேறானது. நிலத்தின் மேல் எழும் இடிமேகம் ஒன்றின் அடியிலிருந்து தரையைத் தொடும் காற்றுச் சுழல் அது. பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

புயல் துரத்துவோரில் பெரும்பாலானோர் நாடுவது இந்த இரண்டாவது வகையையும், அதை ஈன்றெடுக்கும் 'சூப்பர்செல்' என்ற சுழலும் இடிமேகத்தையும்தான். டொர்னேடோ கிடைக்காத நாளிலும் சூப்பர்செல்லே போதுமான காட்சியாக அமைந்துவிடுகிறது. கடற்கரையைத் தாக்கும் பெரும்புயலைத் தேடிச் செல்வது வேறு தொழில். அது வந்து சேர்ந்த பின் சாலைகள் துண்டிக்கப்பட்டுவிடும், விலகிச் செல்ல வழியிராது. எனவே அது இக்கட்டுரையில் இடம்பெறவில்லை.

வங்கத்தில் ஏன் துரத்துவதில்லை?

உலக வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பலிகொண்ட டொர்னேடோ அமெரிக்காவில் வீசியதன்று. 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் உள்ள தௌலத்பூர், சட்டூரியா பகுதிகளைத் தாக்கிய டொர்னேடோவில் சுமார் 1,300 பேர் உயிரிழந்தனர். அமெரிக்காவின் மிக மோசமான டொர்னேடோவாகக் கருதப்படும் 1925-ஆம் ஆண்டு நிகழ்வில் இறந்தோர் 695 பேர்.

மார்ச் முதல் மே வரை மேற்கு வங்கம், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்கதேசம் ஆகிய பகுதிகளில் வீசும் 'கால்பைசாகி' இடிமழைப் புயல்களுக்கும் அமெரிக்கச் சமவெளிப் புயல்களுக்கும் அடிப்படை ஒன்றே. அங்கே மெக்சிகோ வளைகுடா தரும் ஈரக்காற்றை இங்கே வங்கக் கடல் தருகிறது. அங்கே மேற்கின் மேட்டுநிலங்களிலிருந்து வரும் வறண்ட காற்று, இங்கே சோட்டா நாக்பூர் பீடபூமியின் பக்கமிருந்து வருகிறது. மேலே, இமயமலைக்குத் தெற்கே ஓடும் ஜெட் காற்றோட்டம் உயரத்துக்கு உயரம் காற்றின் வேகத்தையும் திசையையும் மாற்றி, மேகத்தைச் சுழலச் செய்கிறது.

ஆயினும் கொல்கத்தாவிலோ டாக்காவிலோ இறங்கி வாகனத்தில் புயலைத் துரத்துவோர் மிக அரிது. காரணம் நிலத்தில் இருக்கிறது. வயல்களுக்கு நடுவே குளங்கள், மூங்கில் தோப்புகள், தென்னை மரங்கள், நெருக்கமான குடியிருப்புகள் ஆகியவை அடிவானத்தை மறைத்துவிடுகின்றன. சாலைகள் குறுகலானவை, ஆறுகளின் குறுக்கே பாலங்கள் குறைவு, கால்பைசாகி பெரும்பாலும் மாலை மங்கும் நேரத்திலேயே வருகிறது. அதைவிட முக்கியமானது மக்கள் நெருக்கம். ஓக்லஹோமாவின் கோதுமை வயலில் யாரையும் தொடாமல் கடந்து போகும் அதே அளவு டொர்னேடோ, இங்கே ஓர் ஊரையாவது கடக்காமல் போக முடியாது. அங்கே பார்வையாளராக நிற்பவர் இங்கே பேரிடர்ப் பகுதியில் வழியை அடைத்து நிற்பவராகிவிடுவார்.

இந்தியாவில் மின்னல் தாக்கி மட்டும் 2022-ஆம் ஆண்டில் 2,887 பேர் உயிரிழந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் கூறுகிறது. இவர்களுள் வயலில் வேலை செய்துகொண்டிருந்தோரும் மரத்தடியில் ஒதுங்கியோரும் அதிகம்.

அமெரிக்கச் சமவெளி: கட்டம் போட்ட நிலம்

டெக்சாஸ், ஓக்லஹோமா, கன்சாஸ், நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா ஆகிய மாநிலங்களை உள்ளடக்கிய சமவெளியே இன்றும் புயல் துரத்துவோரின் முதல் தேர்வு. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,200 டொர்னேடோக்கள் பதிவாகின்றன. ஆனால் இந்த எண்ணிக்கையைவிடப் பயணிக்குப் பயன்படும் செய்தி 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தின்படி தொடங்கிய அளவீட்டு முறையில், நாட்டின் பெரும்பகுதி ஒரு மைல் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. அந்தச் சதுரங்களின் எல்லைக்கோடுகளே பின்னர் சாலைகளாயின. இதனால் கன்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்களின் பல பகுதிகளில் ஏறத்தாழ ஒவ்வொரு 1.6 கி.மீ.க்கும் ஒரு குறுக்குச் சாலை வருகிறது. புயல் வடகிழக்கே நகர்ந்தால் ஓட்டுநர் கிழக்கே செல்லலாம், அது திரும்பினால் அடுத்த சந்திப்பில் தெற்கே இறங்கலாம். உழவருக்காக வரைந்த கட்டம் புயல் துரத்துவோருக்கும் உதவுகிறது. ஆனால் இச்சாலைகளில் பல மண் சாலைகள். மழை பெய்தவுடன் சேறாகி, சக்கரம் புதைந்துவிடும். வரைபடச் செயலியில் தெரியும் கோடுகள் எல்லாவற்றையும் தப்பிக்கும் வழி என எண்ணிவிடக் கூடாது.

அடுத்த வசதி முன்னறிவிப்பு. ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இயங்கும் புயல் முன்கணிப்பு மையம், நாடு முழுவதுக்கும் கடும் இடிமழைக்கான வாய்ப்பை ஐந்து படிநிலைகளில் நாள்தோறும் வெளியிடுகிறது. எட்டு நாள்கள் வரை முன்னோட்டம் கிடைக்கிறது. சுமார் 160 டாப்ளர் ராடார்களின் படங்களைச் சில நிமிட இடைவெளியில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். இவ்வளவு அடர்த்தியான பொதுத் தகவல் வேறு எந்தப் புயல் பகுதியிலும் பயணிக்குக் கிடைப்பது அரிது.

பருவம் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஏப்ரலில் டெக்சாஸ், மே மாதத்தில் ஓக்லஹோமாவும் கன்சாஸும், ஜூனில் நெப்ராஸ்கா, கிழக்கு கொலராடோ, தெற்கு டகோட்டா என்று அதன் போக்கு அமையும். ஒரே ஒரு முறை மட்டுமே செல்ல முடியும் என்பவருக்கு மே மாதத்தின் பிற்பாதியும் ஜூன் முதல் வாரமும் பொருத்தமானவை.

தென்கிழக்கு மாநிலங்களான அலபாமா, மிசிசிப்பியிலும் மிக வலுவான டொர்னேடோக்கள் வீசுகின்றன. 2011-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி ஒரே நாளில் அப்பகுதியில் 300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனினும், அங்கு காடும் குன்றும் அடிவானத்தை மறைப்பதாலும், புயல்கள் வேகமாக நகர்வதாலும், பல இரவில் வருவதாலும், அனுபவசாலிகளில் பலர் அப்பகுதியைத் தவிர்த்துவிடுகின்றனர். வங்கத்தைப் போன்றே, புயல் இருந்தும் துரத்தத் தகாத நிலம் அது.

எல் ரெனோவில் நடந்தது

இத்தனை வசதிகளும் இருந்த இடத்தில்தான் 2013-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி அந்த விபத்து நிகழ்ந்தது.

டிம் சமாரஸ் விளம்பரத்துக்காகப் புயலைத் துரத்தியவர் அல்லர். டொர்னேடோவின் பாதையில் தரையோடு ஒட்டிய கருவிகளை வைத்து அளவீடு எடுத்த பொறியாளர். 2003-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் என்ற சிற்றூரில் அவர் வைத்த கருவியின் மேல் டொர்னேடோ கடந்தபோது, காற்றழுத்தம் 100 மில்லிபார் வீழ்ந்தது பதிவாயிற்று. முன்னெச்சரிக்கை மிகுந்தவர் என்று சக ஆய்வாளர்களிடையே பெயர் பெற்றவர் அவர்.

ஓக்லஹோமா சிட்டிக்கு மேற்கே எல் ரெனோ நகருக்கு அருகே அன்று மாலை 6 மணிக்குப் பின் உருவான டொர்னேடோ, முதலில் தென்கிழக்கே நகர்ந்து, பின் வேகம் கூட்டி வடகிழக்கே திரும்பியது. அதே நேரத்தில் சில நிமிடங்களில் 4.2 கி.மீ. அகலத்துக்குப் பெருத்தது. பதிவானவற்றில் மிக அகலமானது இதுவே. நடமாடும் ராடார் ஒன்று மணிக்கு 480 கி.மீ.க்கு மேற்பட்ட காற்று வேகத்தைப் பதிவு செய்தது. மழைத்திரைக்குள் மறைந்திருந்ததால், அதன் விளிம்பு எது என்பதே பலருக்குத் தெரியவில்லை.

சமாரஸும், அவருடைய மகன் பால் சமாரஸும், சக ஆய்வாளர் கார்ல் யங்கும் பயணித்த கார் அதில் சிக்கியது. மூவரும் உயிரிழந்தனர். புயல் துரத்தும்போது டொர்னேடோவாலேயே உயிரிழந்ததாக அறியப்படும் முதல் புயல் ஆய்வாளர்கள் இவர்கள். அந்த டொர்னேடோ எட்டுப் பேரின் உயிரைப் பறித்தது. பதினொரு நாள்களுக்கு முன்னரே அருகிலுள்ள மூர் நகரில் 24 பேர் இறந்திருந்ததால், அச்சமுற்ற மக்கள் வீடுகளை விட்டு வாகனங்களில் கிளம்பினர். நெடுஞ்சாலைகள் நெரிசலில் உறைந்து நின்றன. டொர்னேடோ நகரை அடையுமுன் மேலெழுந்து கலைந்ததால் மட்டுமே பேரிழப்பு தவிர்ந்தது.

கட்டம் போட்ட சாலை, ராடார், அனுபவம் ஆகிய மூன்றும் இருந்தும் நெருங்கிச் சென்றவருக்கு நேரம் போதவில்லை என்பதே எல் ரெனோ தரும் செய்தி. அதற்குப் பின் பல சுற்றுலா வழிகாட்டிகள் தங்கள் வாகனங்களைப் புயலிலிருந்து கூடுதல் தொலைவில் நிறுத்தத் தொடங்கினர்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். புயல் துரத்துவோருக்குக் காற்றைவிடச் சாலையே அடிக்கடி எமனாகிறது. 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம் டெக்சாஸின் ஸ்பர் நகருக்கு அருகே இரு வாகனங்கள் சந்திப்பில் மோதியதில் துரத்திச் சென்ற மூவர் இறந்தனர். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கன்சாஸில் புயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய வானிலையியல் மாணவர்கள் மூவர், ஈரச் சாலையில் கார் வழுக்கி லாரியுடன் மோதியதில் உயிரிழந்தனர். நாளொன்றுக்கு 500 முதல் 800 கி.மீ. ஓட்டிய களைப்பு, மழை, இருட்டு, வானத்தையே பார்க்கும் கண் ஆகியவை ஒன்றுசேரும்போது விபத்து வெகு தொலைவில் இல்லை.

கனடா: நீண்ட மாலை

டொர்னேடோ எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு அடுத்த நாடு கனடா. சஸ்காட்செவன், மானிடோபா, ஆல்பர்ட்டா மாகாணங்களின் சமவெளியிலும் கட்டம் கட்டமான சாலைகள் உண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் இரவு 9 மணிக்குப் பின்னும் வெளிச்சம் இருக்கும். துரத்துவோர் கூட்டமும் குறைவு. ஓக்லஹோமாவில் பெரிய புயல் நாளில் ஒரே சாலையில் நூற்றுக்கணக்கான கார்கள் வரிசைகட்டி நிற்பதைக் கண்டு சலித்தோர் பலர் வடக்கே வருகின்றனர்.

2007-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி மானிடோபாவின் ஈலி சிற்றூரைத் தாக்கிய டொர்னேடோவே அந்நாட்டில் உச்ச அளவான எஃப்-5 தரம் பெற்ற ஒரே டொர்னேடோ. அதில் உயிரிழப்பு எதுவும் இல்லை. கால்கரி நகரைச் சுற்றியுள்ள பகுதி ஆலங்கட்டி மழைக்குப் பெயர்போனது. 2020-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி பெய்த ஆலங்கட்டி மழையால் ஏற்பட்ட காப்பீட்டு இழப்பு மட்டும் 100 கோடி கனடா டாலரைத் தாண்டியது. ஆலங்கட்டியின் அளவைக் குறைக்க மேகங்களில் வேதிப்பொருள் தூவும் விமானங்களைக் காப்பீட்டு நிறுவனங்களே 1996 முதல் செலவு செய்து பறக்கவிடுகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

அர்ஜென்டினா: ஆய்வாளருக்கு உகந்தது

தென்னமெரிக்காவின் கோர்டோபா மலைத்தொடருக்குக் கிழக்கே எழும் இடிமேகங்கள் உலகின் மிக உயரமானவற்றுள் சில. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க, அர்ஜென்டின, பிரேசில் அறிவியலாளர்கள் இங்கு நடத்திய ஆய்வுக்கு 'ரெலாம்பகோ' என்று பெயர். ஸ்பானிய மொழியில் மின்னல் என்பது அதன் பொருள். அதே ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி வில்லா கார்லோஸ் பாஸ் நகரில் விழுந்த ஆலங்கட்டி ஒன்றின் அகலம் 18.8 முதல் 23.7 செ.மீ. வரை இருக்கலாம் எனக் காணொளிகளைக் கொண்டு கணித்தனர். ஏறத்தாழ ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு.

இங்கு பருவம் அக்டோபர் முதல் மார்ச் வரை. வடக்கே குளிர்காலம் நிலவும்போது புயலைத் தேடுவோருக்கு இது ஒரு வாய்ப்பு. ஆனால் புயல்கள் மலையோரத்திலேயே உருவாகி அங்கேயே பெருகுவதாலும், பல இரவில் வலுப்பதாலும், ராடார் வலை அமெரிக்காவைப் போல் அடர்த்தியாக இல்லாததாலும், ஸ்பானிய மொழி தெரியாத முதல்முறைப் பயணிக்கு இது ஏற்ற இடமன்று.

டார்வின்: நேரம் தவறாத மேகம்

டொர்னேடோ கட்டாயமில்லை, மின்னலும் மேகமும் போதும் என்போருக்கு ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் உள்ள டார்வின் நகரம் மிகப் பொருத்தம். அதற்கு வடக்கே கடலில் அமைந்த டிவி தீவுகளின் மேல், மழைக்காலத்தையொட்டிய மாதங்களில் ஏறத்தாழ நாள்தோறும் பிற்பகலில் ஒரே இடத்தில் ஓர் இடிமேகம் எழுகிறது. இரு பக்கக் கடற்காற்றுகள் தீவின் நடுவே மோதுவதே காரணம். சுமார் 20 கி.மீ. உயரம் வரை வளரும் அதற்கு 'ஹெக்டர்' எனப் பெயரே சூட்டிவிட்டனர். இரண்டாம் உலகப் போர்க் கால விமானிகள் அதை வழிகாட்டும் அடையாளமாகக் கொண்டிருந்தனர்.

டார்வின் கடற்கரையிலிருந்தே அதைப் பார்க்கலாம். துரத்த வேண்டியதே இல்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களின் இரவுகளில் நகரைச் சுற்றியும் மின்னல் வெட்டுகிறது. இந்தியாவைப் போலவே சாலையின் இடப்புறம் ஓட்டும் நாடு என்பது கூடுதல் வசதி. வெப்பமும் புழுக்கமும் கடுமையாக இருக்கும் என்பதைச் சென்னைவாசிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பருக்குப் பின் பெரும்புயல் எச்சரிக்கைகளைக் கவனிக்க வேண்டும். 1974-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் 'டிரேசி' புயல் இந்நகரின் பெரும்பாலான வீடுகளைத் தரைமட்டமாக்கியது.

மின்னலைப் பற்றிப் பேசும்போது வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரி நினைவுக்கு வராமல் இருக்காது. செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2016-இல் வெளியான ஆய்வின்படி உலகிலேயே மின்னல் அடர்த்தி மிகுந்த இடம் அதுவே. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 233 மின்னல்கள் அங்கு பதிவாகின்றன. ஆயினும் அந்நாட்டின் அரசியல், பாதுகாப்பு நிலவரம் சீராகும் வரை அதைப் பட்டியலில் சேர்ப்பது சரியன்று. வறட்சி நிலவிய 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த மின்னலே சில மாதங்கள் நின்றுபோனதும் உண்டு.

ஐரோப்பாவில் வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளி கோடையில் கவனம் பெறுகிறது. 2023-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி அங்கு விழுந்த 19 செ.மீ. ஆலங்கட்டி, ஐரோப்பாவில் பதிவானவற்றுள் மிகப் பெரியது. எனினும் நெருக்கமான ஊர்களும் மூட்டமும் பார்வையைத் தடுப்பதால், புயலுக்காக மட்டுமே அங்கு செல்வது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும்.

இந்தியப் பயணி கவனிக்க வேண்டியவை

அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கான நேர்காணலுக்குக் காத்திருப்பு பல மாதங்கள் நீள்வது வழக்கம் என்பதால், மே மாதப் பயணத்துக்கு முந்தைய ஆண்டே விண்ணப்பிப்பது நல்லது. வாகனம் ஓட்ட விரும்புவோர் தங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெறலாம். அது ஓராண்டு செல்லும். ஆனால், வலப்புறம் ஓட்டிப் பழகாத ஒருவர் முதல் பயணத்திலேயே மழையில், இருட்டில், முன்பின் அறியாத மண் சாலையில் புயலுக்கு முன்னால் ஓட்டுவது அறிவீனம். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பல, மண் சாலையில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன. ஆலங்கட்டிச் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

முதல்முறை செல்வோருக்கு வழிகாட்டியுடன் கூடிய வேன் பயணமே ஏற்றது. ஒரு வாரம் முதல் பத்து நாள் வரையிலான இப்பயணங்களின் கட்டணம், விமானச் செலவு நீங்கலாக, சில ஆயிரம் டாலர்கள். வழிகாட்டி எத்தனை டொர்னேடோக்களைப் பார்த்திருக்கிறார் என்று கேட்பதைவிட, புயலிலிருந்து எவ்வளவு தொலைவில் வேனை நிறுத்துவார், ஒருநாளில் எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுவார், மாற்று ஓட்டுநர் உண்டா, தாக்கப்பட்ட ஊரை முதலில் அடைய நேர்ந்தால் வேன் நின்று உதவுமா என்று கேட்பது பயனுள்ளது. ஆம்புலன்ஸ் வரும் வழியில் வேன்கள் வரிசையாக நிற்பது குறித்துச் சமவெளி ஊர்களின் மக்களுக்கு நெடுநாளைய மனக்குறை உண்டு. புயல் உருவானதை முதலில் பார்த்து வானிலை அலுவலகத்துக்குத் தகவல் தரும் துரத்துவோரும் அங்கு உள்ளனர். பயணி யாருடன் செல்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

இரவு எந்த ஊரில் தங்குவது என்பது அன்று மாலையே முடிவாகும். சிற்றூர்களில் பெட்ரோல் நிலையக் கடையும் பர்கர் கடையுமே திறந்திருக்கும் என்பதால், சைவ உணவு உண்போர் கையில் ஏதேனும் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த நிறுவனமும் டொர்னேடோவைக் காட்டுவதாக உத்தரவாதம் தருவதில்லை. அவ்வாறு தரும் நிறுவனத்தைத் தவிர்ப்பதே முறை. மே மாதத்தின் நடுவிலும் உயரழுத்தம் சமவெளியின் மேல் அமர்ந்துகொண்டால், பத்து நாள் பயணம் முழுவதும் நீல வானத்தைப் பார்த்துத் திரும்ப நேரும். அதற்குப் பணம் திருப்பித் தரப்படுவதும் இல்லை.